எது தரை? சிறு படகிலிருந்து கடலடியை அளக்கக் கருவி தேர்ந்த நினைவுகள்

கடலடித் தரையை அளப்பது என்றவுடன் பெரிய ஆய்வுக் கப்பல்களும் அவற்றின் அடிப்பாகத்தில் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த கருவிகளுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மீன் இறங்குதளம், தூண்டில் வளைவு, கழிமுகம், படகுகள் வந்துபோகும் கால்வாய் ஆகியவற்றுக்குத் தேவைப்படும் அளவைகளோ, பெரும்பாலும் இடுப்பளவு நீரில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கப்பல் நுழைய முடியாத அந்த நீரில் ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய படகுக்கு ஏற்ற சோனாரை, அதாவது நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு அடித்தரையை அறியும் கருவியை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற வினாவுக்கு விடை விலைப்பட்டியலில் இல்லை. தரை என்று எதைக் கொள்வது என்பதை முதலில் தீர்மானித்தவர்களுக்கே அது கிடைக்கிறது. பாலசமுத்திரத்தைச் சேர்ந்த ஓர் அளவையாளரும் அவருடைய சிறு குழுவினரும் அந்த வினாவோடு மல்லுக்கட்டிய ஒரு பருவத்தை இக்கட்டுரை நினைவுகூர்கிறது.

பாலசமுத்திரம் பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. கடலைக் காண வேண்டுமானால் சில மாவட்டங்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். பெயரில் சமுத்திரம் இருக்கும் அவ்வூரின் கண்ணெதிரே இருப்பது பாலாறு பொருந்தலாறு அணையின் நீர்ப்பரப்புதான். பழனி மலைத்தொடரிலிருந்து இறங்கும் பாலாறும் பொருந்தலாறும் அங்கே தேக்கப்படுகின்றன. அணையைத் தாண்டிய நீர் சண்முகநதியாக ஓடி அமராவதியில் சேர்ந்து, அதன் வழியே காவிரிக்குப் போகிறது. 65 அடி வரை நீர் தேங்கும் அந்த அணை, பழனிச் சுற்றுவட்டாரத்தின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் உயிராதாரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அணை நிரம்பி, காற்றும் அடங்கியிருக்கும் மார்கழி, தை மாதக் காலைகளில் அதன் நீர் சற்றும் அசையாமல் கிடக்கும். கடலில் இறக்குவதற்கு முன் ஒரு கருவியைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் அமைவது அரிது. பாக் விரிகுடாக் கரையில் ஒரு சிறிய மீன் இறங்குதளத்துக்கு வரும் படகுப்பாதையின் ஆழத்தை அளந்து தரும் பணியை ஏற்றிருந்த அளவையாளர், உரிய அனுமதியைப் பெற்று, விற்பனையாளர்கள் பார்வைக்குக் கொடுத்த கருவிகளைத் தம் ஊர் அணையிலேயே சோதிப்பதென்று முடிவு செய்தது அதனால்தான்.

ஆழம் அறிவதற்கு மனிதர் முதலில் நம்பியது கயிற்றையும் அதன் நுனியில் கட்டிய ஈயக் குண்டையும். கயிறு எத்தனை பாகம் இறங்கியது என்று கைகளை விரித்து எண்ணிச் சொல்லும் பழக்கம் தமிழ்நாட்டு மீனவரிடையே இன்றும் மறைந்துவிடவில்லை. ஒலியைக் கொண்டு ஆழம் அறியும் முயற்சி, 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியதை அடுத்து வேகம் பெற்றது; ஜெர்மானியரான அலெக்சாண்டர் பெம் 1913இல் தம் எதிரொலிமானிக்குக் காப்புரிமை பெற்றார்; முதல் உலகப் போரின்போது பிரான்சில் பால் லாஞ்செவின், மின்னழுத்தம் தந்தால் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு காதுக்குக் கேட்காத மீயொலியை நீருக்குள் செலுத்திக் காட்டினார். 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் சுற்றிய ‘மீட்டியோர்’ என்ற ஜெர்மன் கப்பல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் எதிரொலியால் ஆழம் கண்டபோது, கடலடி தட்டையான சமவெளி என்ற பழைய எண்ணம் கலைந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. நீரில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப அதற்கு 13 மில்லிவிநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம் போதும். அந்த நேரத்தைப் பாதியாக்கி ஒலியின் வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைத்துவிடும். இவ்வளவு எளிய கணக்குக்குள் எத்தனை ஐயங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது கருவியை நீரில் இறக்கிய பிறகுதான் தெரியவரும்.

சோதனைக்கு வந்தவற்றில் மிக மலிவானது மீன்பிடிப் படகுகளில் காணப்படும் ஃபிஷ் ஃபைண்டர். சில பத்தாயிரம் ரூபாயில் திரை, டிரான்ஸ்டியூசர் எனப்படும் ஒலி அனுப்பி வாங்கும் உறுப்பு, ஜிபிஎஸ் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் அக்கருவியை ஏளனமாகப் பார்ப்பது அளவைத் தொழிலில் உள்ளோரிடம் காணப்படும் வழக்கம். அந்த ஏளனம் நியாயமானதன்று. மீன் எங்கே, பார் எனப்படும் பாறைத்திட்டு எங்கே என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்ட அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அளவைக்கு அது போதாமைக்குக் காரணம் அதன் கற்றையின் அகலம். டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி ஒரு கூம்பாக விரிந்தே கீழே இறங்குகிறது. கூம்பின் கோணம் 20 பாகை என்றால் 12 மீட்டர் ஆழத்தில் அது நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள வட்டத்தைத் தொடுகிறது. 8 பாகை என்றால் அவ்வட்டம் 1.7 மீட்டராகச் சுருங்குகிறது. வட்டத்துக்குள் கருவிக்கு மிக அருகில் எந்த இடம் இருக்கிறதோ அங்கிருந்தே எதிரொலி முதலில் திரும்புவதால், அகன்ற கற்றை மேட்டையே பார்க்கும், பள்ளத்தைத் தவறவிடும்.

அணை நீரின் அடியில் இது தெளிவாகவே வெளிப்பட்டது. அணை கட்டப்படுவதற்கு முன் பொருந்தலாறு ஓடிய தடம் நீருக்கடியில் ஒரு குறுகிய வாய்க்காலாக இன்னும் இருப்பதைப் பரிசல்காரர்கள் அறிவார்கள். கோடையில் நீர் வற்றும்போது அதன் ஒரு பகுதி வெளியே தெரியும். அகன்ற கற்றையுடைய கருவி அந்த இடத்தைக் கடந்தபோது திரையில் லேசான ஒரு குழிவு மட்டுமே தோன்றியது. குறுகிய கற்றையுடைய அளவைத்தர எதிரொலிமானியோ அதே இடத்தில் செங்குத்தான இரு கரைகளையும் நடுவே தட்டையான அடியையும் வரைந்தது. ஃபிஷ் ஃபைண்டரில் இன்னொரு குறையும் உண்டு. திரும்பிவரும் எதிரொலியை அது தனக்குள்ளேயே சராசரியாக்கி, கண்ணுக்கு இதமான கோடாக மாற்றித் தருகிறதே தவிர, மூலப் பதிவைப் பெரும்பாலும் வெளியே தருவதில்லை; கேள்வி எழும்போது திரும்பிப் பார்ப்பதற்குச் சான்று ஏதும் மிஞ்சாது. அளவைப் பணியில் ஓர் எண்ணை எப்படிப் பெற்றோம் என்று காட்ட முடியாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மறுமுனையில் நின்றது பல்கற்றை எதிரொலிமானி. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குறுகிய கற்றைகளை விசிறிபோல் பக்கவாட்டில் விரித்து, படகு ஒருமுறை செல்லும்போதே ஒரு பட்டை முழுவதையும் அளந்துவிடும் அக்கருவியின் படம் கண்ணைப் பறிக்கக்கூடியது. அணைக்கரையில் அதன் செயல்விளக்கத்தைப் பார்த்த குழுவினருள் இளையவர் பலரும் அதையே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தினர். அளவையாளர் உடனே மறுக்கவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அப்பட்டையின் அகலம் பொதுவாக ஆழத்தின் மூன்று அல்லது நான்கு மடங்கு. ஐம்பது மீட்டர் ஆழத்தில் அது பெரும் வரம், ஆனால் படகுப்பாதையில் பெரும்பகுதி மூன்று மீட்டர் ஆழமே உள்ளதால் அங்கே கிடைக்கும் பட்டை பத்து மீட்டர்தான். மேலும், கற்றைகள் பக்கவாட்டில் சாய்ந்து செல்வதால் படகின் ஆட்டத்தை நொடிக்கு நொடி அளந்து கழிக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில், நேர்கீழிலிருந்து 60 பாகை சாய்ந்து செல்லும் கற்றையில், படகின் சாய்வை ஒரே ஒரு பாகை தவறாக எடுத்துக்கொண்டாலும் ஆழத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் பிழை நேரும். அதைத் தவிர்க்க ஆட்டம் அளக்கும் உணரி, படகு நோக்கும் திசையைச் சொல்லும் இரட்டை ஜிபிஎஸ் ஆண்டெனா, நீரில் ஒலியின் வேகத்தை ஆழத்துக்கு ஆழம் அளக்கும் கருவி, இவை அனைத்தும் ஒன்றுக்கொன்று அசையாதபடி பிணைக்கும் உறுதியான சட்டம், நாள் முழுக்க மின்சாரம் என எல்லாமே தேவை. கோடி ரூபாயைத் தொடும் அத்தொகுதியை ஃபைபர் படகின் ஓரத்தில் ஒரு குழாயில் கட்டித் தொங்கவிட்டு, கச்சான் காற்றடிக்கும் கடலில் ஓட்டினால், அதன் நுட்பத்தில் பெரும்பங்கு குழாயின் அதிர்விலேயே கரைந்துபோகும். நல்ல கருவி எல்லாப் படகிலும் நல்ல கருவியாக இருக்காது என்பதை வாங்குவோர் மறந்துவிடுவதும், விற்போர் நினைவூட்டாமல் விடுவதும் தொழிலில் அடிக்கடி நடக்கின்றன.

பக்கநோக்கு சோனார் என்ற மூன்றாவது வகை, ஆழம் அளப்பதற்கன்றித் தரையின் தோற்றத்தைப் படமெடுப்பதற்கு உரியது. நீரில் இழுத்துச் செல்லப்படும் மீன்வடிவ உறுப்பின் இரு பக்கங்களிலிருந்தும் தாழ்வாகப் பாயும் ஒலி, தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் எதன் பின்னாலும் ஒரு நிழலை விட்டுச் செல்கிறது. அந்த நிழலைக் கொண்டே பாறையையும் உடைந்த படகையும் வலைக்குவியலையும் அடையாளம் காண்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடல் அகழாய்வில் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் பூம்புகார்க் கடலில் மேற்கொண்ட தேடலில், 1991இல் பக்கநோக்கு சோனாரின் பதிவில்தான், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவ அமைப்பு ஒன்று முதலில் தென்பட்டது. மூழ்குநர்கள் 1993இல் அதை நேரில் பார்த்தனர். அதே கடற்பகுதியில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 1791, 1792 என ஆண்டு பொறித்த ஈயக் கட்டிகள் எடுக்கப்பட்டன. சோனார் காட்டியது ஓர் உருவத்தை மட்டுமே; அது மனிதர் கட்டியதா, இயற்கையாய் அமைந்ததா, எந்தக் காலத்தது என்பதை அக்கருவி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. படகுப்பாதைப் பணிக்கு இவ்வகைக் கருவி துணையாக மட்டுமே பயன்படும் என்று அளவையாளர் கருதினார். தவிர, தரையிலிருந்து உரிய உயரத்தில் அதை இழுத்துச் செல்ல வேண்டும் என்பதால், மூன்று மீட்டர் நீரில் கயிற்றில் கட்டி இழுப்பது சேற்றில் புதைப்பதற்கே ஒப்பாகும். படகின் முன்பக்கத்தில் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியே அதைப் பயன்படுத்த முடிந்தது.

எஞ்சியது ஒற்றைக்கற்றை அளவைத்தர எதிரொலிமானி. அதிலும் ஓர் அதிர்வெண் போதுமா, இரண்டு வேண்டுமா என்ற வினாதான் அந்தப் பருவம் முழுவதும் பேசப்பட்டது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏழரை மில்லிமீட்டர். அது நுண்ணிய அளவைத் தரும், ஆனால் மென்மையான சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை சென்டிமீட்டர். அது இளகிய சேற்றுக்குள் புகுந்து, அதற்கும் கீழே உள்ள இறுகிய தரையிலிருந்து திரும்பும். தாழ் அதிர்வெண்ணுக்கு உரிய டிரான்ஸ்டியூசர் பெரியது, கனமானது, விலை கூடியது. ஒலியை அனுப்பியதும் அதன் அதிர்வு அடங்குவதற்குச் சற்று நேரம் பிடிப்பதால், மிக ஆழமற்ற நீரில் கருவி செவிடாகிவிடுவதும் உண்டு. இந்தக் குறைகளைக் காட்டி, ஒரே அதிர்வெண் போதும் என்ற கருத்தே குழுவில் மேலோங்கியிருந்தது.

அக்கருத்தை மாற்றியது அணையின் மேற்கோடி, பொருந்தலாறு வந்து கலக்கும் இடம். மலையிலிருந்து வரும் வெள்ளம் வேகம் இழந்து, சுமந்துவந்த மண்ணை முதலில் இறக்கிவைப்பது அங்கேதான். இரவலாக வந்த இரட்டை அதிர்வெண் கருவியை அங்கே ஓட்டியபோது திரையில் இரண்டு தரைகள் தெரிந்தன: மேலே மெல்லிய, சீரான, கிடைமட்டமான ஒரு கோடு; அதற்கு ஒரு முழத்துக்கும் கீழே தடித்த, ஏறி இறங்கும் மற்றொரு கோடு. படகு நகர நகர மேல்கோடு நீர்மட்டத்துக்கு இணையாகவே ஓடியது. கீழ்க்கோடோ பழைய நிலத்தின் மேடுபள்ளத்தையும், வயல்வரப்பு போன்ற ஒரு முகட்டையும்கூடக் காட்டிற்று. கருவியில் கோளாறு என்று சொன்னவர்களும் இருந்தனர். உடன்வந்த பரிசல்காரர் திரையைப் பார்க்கவே இல்லை. “அங்கெல்லாம் தரை இல்லீங்க, பூராவும் வண்டலுங்க, கோலை உட்டுப் பாருங்க” என்று சொல்லி, தம் மூங்கில் கோலை நீரில் இறக்கினார். மேல்கோடு காட்டிய ஆழத்தில் கோல் எதிலும் தட்டவில்லை; பிடித்திருந்த கைக்குச் சிறு இழுப்பு மட்டும் தெரிந்தது; அதன் பிறகும் தன் எடையாலேயே இறங்கி, கீழ்க்கோடு சொன்ன ஆழத்தில் போய் நின்றது. வெளியே எடுத்தபோது கோலின் அடிப்பகுதியில், ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல்நிறச் சேறு வழுக்கிக்கொண்டு ஒட்டியிருந்தது. இரண்டு கோடுகளும் உண்மை என்பது அப்போது ஐயமின்றித் தெரிந்தது.

அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கேட்பவருக்கு எந்தக் கோட்டைத் தருவது? இளகிய சேற்றில் பெரும்பகுதி நீரே என்றாலும், மதகைத் திறந்தால் அந்த நீர் வயலுக்கு வராது. ஆகவே கொள்ளளவைக் கணக்கிட மேல்கோடே சரி. அணை கட்டியது முதல் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது, தூர்வாரினால் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்பவருக்கு இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவும், இறுகிய தரையை முதல் நில அளவையோடு ஒப்பிட்ட அளவும் சேர்ந்தே வேண்டும். துறைமுகங்களில் இதே வினா வேறு வடிவில் எழுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில், சேற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1200 கிலோகிராமை எட்டும் மட்டத்தையே கப்பலுக்குரிய தரையாகக் கொள்கிறார்கள். அதற்கு மேலே உள்ள இளகிய சேற்றைக் கிழித்துக்கொண்டு கப்பல் போகலாம் என்பது அங்குள்ள அனுபவம். ஃபைபர் படகின் எஞ்சினுக்கு அந்த விதி பொருந்தாது. இளகிய சேறு அதன் குளிர்நீர்க் குழாயை அடைத்துவிடும். ஒரே சேறு ஒருவருக்கு வழியாகவும் மற்றவருக்குத் தடையாகவும் இருப்பதால், கருவி வாங்குபவர் முதலில் தம்மிடம் பணியைத் தந்தவர் யாருக்காக ஆழம் கேட்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பாக் விரிகுடாவில் இது இன்னும் சிக்கலாகிறது. அங்கே சேற்றோடு கடற்புல்லும் உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கக் காரணமான அந்தப் புல்வெளிகள், உயர் அதிர்வெண் ஒலிக்குப் பெரும் மயக்கம் தருபவை. இலைகளில் தங்கும் நுண்ணிய காற்றுக்குமிழிகள் ஒலியை வலுவாகத் திருப்பிவிடுவதால், 200 கிலோஹெர்ட்ஸ் கருவி புல்லின் நுனியையே தரை என்று எழுதிவிடும். புயலும் தரையை மாற்றிவைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு அக்கரையோரத்தில் சேறு குவிந்து கிடந்ததைக் கண்டவர்கள், அடித்தரை என்பது நிலையான ஒன்று என்று எளிதில் சொல்லமாட்டார்கள். இவையெல்லாம் சேர்ந்து, விலை கூடினாலும் இரட்டை அதிர்வெண் கருவியே வேண்டும் என்ற முடிவுக்குக் குழுவினரைக் கொண்டுவந்தன. ஒற்றைக்கற்றைக் கருவி படகுக்கு நேர் கீழே உள்ளதை மட்டுமே அளக்கும். ஓடிய இரு கோடுகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அக்குறையை ஈடுகட்டக் கோடுகளை நெருக்கமாக ஓட்டுவதும், இடைவெளியைப் பக்கநோக்கு சோனார் கொண்டு பார்ப்பதும், சந்தேகப்பட்ட இடத்தில் கோலையோ ஈயக் குண்டையோ இறக்குவதும் போதும் என்பது அளவையாளரின் தீர்ப்பு. அத்தீர்ப்பு சரி என்றே இன்றும் சொல்லத் தோன்றுகிறது.

கருவியை வாங்குவோர் அதன் பெட்டியைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஒலியின் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆழமற்ற நீரில் பெரும் பிழைகள் அங்கிருந்தும் வருகின்றன. 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1497 மீட்டர் செல்கிறது. 30 பாகை வெப்பமும் கடலுக்குரிய உப்பும் உள்ள நீரில் அது 1540 மீட்டரைத் தாண்டுகிறது. அணையில் சரிபார்த்த எண்ணை மாற்றாமல் அப்படியே கடலுக்குக் கொண்டுபோனால், பத்து மீட்டர் ஆழத்தைக் கருவி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். பாக் விரிகுடாவின் உப்பும் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் உள்ளே வருகிறது, கோடையில் உப்பு ஏறுகிறது. ஆகவே, ஒவ்வொரு நாளும் பணி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், அளவுக் குறியிட்ட சங்கிலியில் கட்டிய இரும்புத் தகட்டை டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இறக்கி, கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறையைக் குழுவினர் கைவிடவில்லை. எவ்வளவு விலையுள்ள கருவிக்கும் அந்தத் தகட்டுக்கு முன் விலக்கில்லை.

கருவியைப் பொருத்தும் இடமும் தேர்வின் ஒரு பகுதியே. படகின் பின்முனையில் கட்டினால் எஞ்சினின் விசிறி கிளப்பும் குமிழிகள் ஒலியை விழுங்கும். முன்முனையில் கட்டினால் அலையில் எழுந்து நீரைவிட்டு வெளியே வரும். நடுப்பகுதியில், பக்கவாட்டில், கனமான துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் கட்டி, மேலும் கீழும் கயிற்றால் இழுத்து இறுக்குவதே நிலைத்தது. அதே குழாயின் உச்சியில் ஜிபிஎஸ் ஆண்டெனாவை வைத்ததால், எந்த இடத்தின் ஆழம் என்ற ஐயம் எழவில்லை. குழாய் நீரில் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பது படகில் எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்பதைப் பொறுத்து மாறும் என்பதால், நாள்தோறும் அதையும் அளந்து குறிக்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்கு இன்வெர்ட்டரைப் பயன்படுத்தியபோது திரை முழுவதும் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் விழுந்தன. தனி 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றியதும் அவை மறைந்தன. ஃபைபர் படகுக்காரர் ஒருவர், “காலையிலே காத்து விழறதுக்குள்ள ஓடி முடிச்சிருங்க தம்பி, பொறவு உங்க மிசினு அலையைத்தான் அளக்கும்” என்று எச்சரித்தது கருவியின் கையேட்டில் இல்லாத, அதைவிடப் பயனுள்ள விதியாக இருந்தது.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு உலகளவில் ஓர் அளவுகோல் உண்டு. மொனாக்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு 1968 முதல் வெளியிட்டுவரும் எஸ்-44 என்ற தரவரையறை, கப்பல்கள் செல்லும் ஆழமற்ற கடற்பகுதிக்கான பொது வகுப்பில் பத்து மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் வரையிலான ஐயத்தை ஏற்கிறது. கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறைவாயுள்ள இடங்களுக்கான சிறப்பு வகுப்பில் அதைப் பாதியாகக் குறைக்கிறது. ஓத ஏற்றவற்றம் ஒரு மீட்டரை எட்டாத பாக் விரிகுடாவில், ஓதத்தைக் கழிப்பது பெரிய சுமையன்று. கரையில் நட்ட அளவுகோலைக் குறிப்பிட்ட இடைவெளியில் படித்து எழுத ஓர் ஆள் போதும். ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்ட, குறுகிய கற்றையுடைய, நடுத்தர விலையுள்ள எதிரொலிமானி இவ்வரம்புக்குள் வசதியாக நின்றுவிடும்.

நீர்நிலைகளுக்குத் திரும்பினால், தமிழ்நாட்டில் இவ்வகை அளவைகளுக்குத் தேவை கூடிக்கொண்டே வருகிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி இயங்கும் நீரியல் ஆய்வுக் கழகம் அணைகளின் வண்டல் படிவை அளக்கும் பணியில் நெடிய பழக்கமுடையது. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையில் தூர்வாரும் பணி 2017இல் தொடங்கியபோது, அணைகளின் அடியில் என்ன கிடக்கிறது என்ற வினா ஊர் ஊராகப் பேசப்பட்டது. பொருந்தல் ஆற்றங்கரையிலேயே 2009, 2010 ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஈமச்சின்னத்தில் வைக்கப்பட்டிருந்த நெல்மணிகள் கி.மு. 490ஐச் சேர்ந்தவை எனக் காலம் கணிக்கப்பட்டது. அவ்வளவு தொன்மையான வேளாண் பள்ளத்தாக்கில் இன்று நெல்லுக்கு நீர் தரும் அணையின் கொள்ளளவை அறியாமல் பாசனத் திட்டம் வகுப்பது பொறுப்பாகாது. அணைகளுக்கான அளவை அறிக்கைகள் எந்த அதிர்வெண்ணில் அளந்தோம், எந்த எதிரொலியைத் தரையாகக் கொண்டோம் என்பதை முதல் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அவ்விவரம் இல்லாவிட்டால், பத்தாண்டு கழித்து வேறு கருவி கொண்டு அளப்பவர் காணும் வேறுபாடு மண்ணால் வந்ததா, கருவியால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இராது.

பாக் விரிகுடாப் பணியின் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டன: மேலே உயர் அதிர்வெண் சொன்ன ஆழம், கீழே தாழ் அதிர்வெண் சொன்ன ஆழம். இரண்டும் ஒன்றாயிருந்த இடங்கள் மணல். அரை முழம் வேறுபட்ட இடங்கள் புல் அல்லது இளகிய சேறு, அவற்றில் எது எது என்பது கோல் இறக்கிப் பார்த்துத் தனிக்குறியால் காட்டப்பட்டது. ஒரே எண்ணாகத் தந்தால் படிக்க எளிது என்று முதலில் கேட்டவர்களுக்கு, எந்த எண்ணைப் படகோட்டி பார்க்க வேண்டும், எந்த எண்ணைத் தூர்வாருபவர் பார்க்க வேண்டும் என்று அளவையாளர் வரைபடத்தின் ஓரத்தில் நான்கு வரிகளில் எழுதிக் கொடுத்தார். படகுப்பாதையை எங்கே ஆழப்படுத்துவது என்பது மேல் எண்ணைக் கொண்டும், எவ்வளவு சேற்றை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும் என்பது இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டும் முடிவாயிற்று. புல் குறிக்கப்பட்ட இடங்களைத் தொடாமல் பாதையைச் சற்று வளைத்துக் கொண்டுபோக அந்த வரைபடமே இடங்கொடுத்தது.